துறையும் துறைகளும்



இந்த உரைக்குத் தலைப்பு என்னவென்று கேட்ட பேராசிரியரிடம் படகுப் பாதுகாப்பு என்றேன்; அவர் தொலைபேசியிலேயே சிரித்துவிட்டார். "ஐயா, நம்ம ஊருக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்? பூட்டைப் பத்திப் பேசுங்க, மலைக்கோட்டையைப் பத்திப் பேசுங்க. குடத்தோட குழாயடியில நின்னு வளர்ந்த சனத்துக்குப் படகோட்டப் பாடமா?" என்றார். நியாயமான கேள்வி. திண்டுக்கல் சமவெளியில் ஆறு என்றால் குடகனாறு. அதில் தண்ணீர் போகும் நாட்களைவிட மணல் தெரியும் நாட்களே அதிகம்.

ஆனால் சம்பந்தமே அங்கேதான் இருக்கிறது. கடலோரத்துப் பிள்ளை நடை பழகும்போதே தோணியின் ஆட்டமும் பழகிவிடுகிறது. நம் பிள்ளை படகை முதன்முதலாகத் தொடுவது சுற்றுலாவில்தான்: கொடைக்கானல், தேக்கடி, கன்னியாகுமரி, பிச்சாவரம். டவுன் பஸ் குலுங்கினால் எழுந்து கம்பியைப் பிடிப்போம். அதே பழக்கத்தில் படகு ஆடினாலும் எழுந்து நிற்போம். பேருந்தில் அது தற்காப்பு. படகிலோ அதுவே கவிழ்க்கும் காரியம். தண்ணீர் இல்லாத ஊர்க்காரனுக்குத்தான் படகுப் பாடம் முதலில் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

2009 செப்டம்பர் 30. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அப்போது பால்வாடியில்கூடச் சேர்ந்திருக்க மாட்டீர்கள். தேக்கடி ஏரியில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு மாலை நேரத்தில் கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். அந்தப் படகு ஓடத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கரையில் விலங்குகள் தெரிந்ததும் பயணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள் என்பதுதான் அன்று பரவலாகச் சொல்லப்பட்ட காரணம். காரணம் அது ஒன்று மட்டும் அல்ல. மேல்தளத்தில் ஆள் கூடக் கூடப் படகின் எடை மையம் உயரும். தலைச்சுமையோடு வரப்பில் நடப்பவனைப் போல, சின்னச் சரிவுக்கும் படகு விழும் நிலைக்கு வந்துவிடும்.

தேக்கடி நமக்கு வேற்று ஊர் இல்லை. பென்னிகுக் 1895இல் கட்டி முடித்த பெரியாறு அணையில் தேங்கியதுதான் அந்த ஏரி. அந்தத் தண்ணீர்தான் மலையைக் குடைந்து இறங்கி, வைகையில் கலந்து, நம் நிலக்கோட்டை வட்டத்துப் பேரணையில் வாய்க்காலாகப் பிரிகிறது. பேரணை மடையில் நின்று தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 45 பேர் நினைவு வராமல் இருப்பதில்லை.

தேக்கடிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2007 பிப்ரவரி 20இல், அதே பெரியாற்றில் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா வந்த 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் மூழ்கினார்கள். அதற்கும் முன்பு, 2002 ஜூலை 27இல், குமரகத்தில் 29 பேர். போட்டித் தேர்வு எழுதக் கிளம்பிய இளைஞர்கள் பலர் அந்தப் படகில் இருந்தார்கள். விசாரணை ஆணையங்கள் அமைந்தன. 2010இல் கேரளம் உள்நாட்டுக் கலங்களுக்கென்று விரிவான விதிகளே கொண்டுவந்தது. பிறகும் 2023 மே 7 அன்று தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய உல்லாசப் படகு ஒன்று இருட்டிய பிறகு ஆட்களை அடைத்துக்கொண்டு கிளம்பிக் கவிழ்ந்து, 22 பேரைக் கொன்றது. கேரளத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நம் பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று ஏரியைச் சுற்றிப் பார்க்க மீன்பிடிப் படகில் ஏறிய 22 பேர் திரும்பி வரவில்லையே.

சட்டம் இல்லையா? நிறையவே இருக்கிறது. நம் மாவட்டத்தின் பெருமை கொடைக்கானல் ஏரி. மதுரை கலெக்டராக இருந்த லெவின்ஜ் 1863இல் அதை உருவாக்கினார், தூத்துக்குடியிலிருந்து படகும் வரவழைத்தார் என்று படித்திருப்பீர்கள். அந்த ஏரி உருவாவதற்கு மூன்று ஆண்டு முன்னதாகவே, 1860இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 282 இருந்தது. பாதுகாப்பற்ற நிலையில் உள்ள அல்லது அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய கலத்தில் கூலிக்கு ஆள் ஏற்றினால் ஆறு மாதம் வரை சிறை. கொடைக்கானலில் ஏரியே இல்லாத காலத்தில் இயற்றிய சட்டம் இது! 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே குற்றம் பிரிவு 284 ஆகியிருக்கிறது. 282 என்ற எண் இப்போது கலத்தைத் தாறுமாறாக ஓட்டும் குற்றத்துக்குப் போய்விட்டது. எத்தனை படகுத்துறைகளில் இந்த இரண்டு எண்களில் ஒன்றாவது தெரியும் என்று நீங்களே ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

இதுபோக, 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு 2021இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. எஞ்சின் வைத்த படகென்றால் பதிவு, தகுதிச் சோதனை, ஓட்டுநருக்குத் தகுதிச் சான்று, காப்பீடு, உயிர்காப்புச் சாதனம் எல்லாம் வேண்டும் என்கிறது. துடுப்பு போடும் கலங்களுக்கும் தனி அத்தியாயம் உண்டு. 2017இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் படகுப் பாதுகாப்புக்கென்றே ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. காகிதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

குறை எங்கே என்பதற்குத் தமிழிலேயே ஒரு சொல் விடை வைத்திருக்கிறது. படகில் ஏறி இறங்கும் இடத்தைத் துறை என்கிறோம். அரசின் பிரிவையும் துறை என்கிறோம். நம் சமவெளியின் நீர்த்தேக்கம் எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். அணைக்கட்டு நீர்வளத் துறைக்கு. உள்ளே துள்ளும் மீன் மீன்வளத் துறைக்கு. அக்கரைக் காடு வனத் துறைக்கு. இக்கரைச் சாலை நெடுஞ்சாலைத் துறைக்கோ ஊராட்சிக்கோ. ஆள் மூழ்கினால் தேடுவது தீயணைப்புத் துறை, வழக்கு எழுதுவது காவல் துறை. இத்தனை துறைகள் இருந்தும், படகு கிளம்பும் அந்தத் துறையில், பலகைக்கு முன்னால் நின்று தலை எண்ண ஒருவரும் இல்லை. படகு விபத்து நடப்பது நடுத்தண்ணீரில் என்று நாம் நினைக்கிறோம். எனக்குத் தெரிந்தவரை அது நடந்து முடிவது கரையில், கடைசியாக ஏறிய நாலு பேரை ஏற விட்ட நிமிடத்தில்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நானே செய்த தப்பு அது.

இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அறிவியல் ஆசிரியராக எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்து நாலு பேரைச் சுற்றுலா கூட்டிப் போனேன். எந்த ஏரி என்பது வேண்டாம். இருபது பேர் ஏறும் படகு. இரண்டு நடையாகப் போகலாம் என்றேன். மாலைக்குள் மலை இறங்க வேண்டும் என்று பேருந்து ஓட்டுநர் அவசரப்படுத்தினார். படகுக்காரர் சொன்னார்: "சின்னப் பசங்கதான சார், ரெண்டு பேருக்கு ஒரு ஆள் கணக்கு." அரை டிக்கெட் கணக்கு! பஸ் கட்டணத்தில் பாதி என்றால் எடையிலும் பாதி என்ற அந்தக் கணக்கு அப்போது எனக்கும் சரியாகவே பட்டது. அத்தனை பேரையும் ஒரே நடையில் ஏற்றினேன். லைஃப் ஜாக்கெட்டுகள் இருக்கைக்கு அடியில் ஒரு கயிற்றில் கோத்துக் கட்டிக் கிடந்தன. அவிழ்க்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

நடு ஏரியில் பாம்புத் தாரா ஒன்று கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தியது. "பாம்பு, பாம்பு" என்று ஒருவன் கத்தினான். முப்பத்து நாலு பேரும் வலப்பக்கம் பாய்ந்தார்கள். விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு கையகலம்தான் இருந்தது. படகுக்காரர் போட்ட "உக்காருங்கடா!" என்ற சத்தம் இப்போதும் காதில் கேட்கிறது. பிள்ளைகள் இருந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். படகு ஒருமுறை இடப்பக்கம் போய், திரும்பி வந்து, நின்றது. ஒரு சின்னச் செருப்பு மட்டும் தண்ணீரில் மிதந்து போனது. திரும்பும் வழியில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். எனக்கு வத்தலக்குண்டு தாண்டும்வரை கை நடுக்கம் நிற்கவில்லை. படகுக்காரர்மேல் பழி சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஏற்றியவன் நான்.

2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹரணி ஏரியில் சுற்றுலா வந்த 12 பள்ளிக் குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்த செய்தியைப் படித்தபோது, அந்த இரண்டு ஆசிரியைகளைப் பற்றித்தான் அதிக நேரம் யோசித்தேன். அங்கேயும் அளவுக்கு மீறி ஆட்கள். அங்கேயும் குழந்தைகள் பலரின் உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை.

வெட்கம் என்னவென்றால், நான் பிள்ளைகளைக் கூட்டிப் போன அந்தச் சுற்றுலாவுக்கு முந்தின வாரம்தான் இன்னொரு வகுப்பில் ஆர்க்கிமிடிஸ் தத்துவம் நடத்தியிருந்தேன். இன்றைக்கும் ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் என்று பாடம் இருக்கிறது. கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் விட்டு, வில் தராசில் எடை குறைவதைக் காட்டுகிறோம். மதிப்பெண்ணும் போடுகிறோம். இந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் கணக்கு எவ்வளவு எளிது பாருங்கள். ஐந்து மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், பெட்டி போல அடி தட்டையான ஒரு படகு. 60 கிலோ ஆள் ஒருவர் ஏறினால் 60 லிட்டர் தண்ணீரை விலக்க வேண்டும். படகு 8 மில்லிமீட்டர் இறங்கும். பத்துப் பேர் ஏறினால் 8 சென்டிமீட்டர், அதாவது நாலு விரல்கடை. இருபது பேர் என்றால் முக்கால் சாண். விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில்தான் இருந்தது என்றால், மிச்சம் இருப்பது கால் சாண். அப்புறம் யாராவது ஒருவர் செல்ஃபி எடுக்க எழுந்தால் போதும்.

இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவருக்கும் புரியும்படி ஒரு வழியை உலகம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. பிரிட்டனில் சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், சரக்குக் கப்பல்களில் அளவுக்கு மீறி ஏற்றி மாலுமிகளைச் சாகடிப்பதை எதிர்த்து ஆண்டுக்கணக்காகப் போராடினார். 1876இல் சட்டம் வந்தது: கப்பலின் பக்கவாட்டில் ஒரு கோடு. அந்தக் கோடு தண்ணீருக்குள் போகும்படி ஏற்றக் கூடாது. அவ்வளவுதான். நமக்கு இது புதிதும் இல்லை. கண்மாய்க் கலிங்கில் நட்டிருக்கும் கல்லைப் பார்த்து, இன்னும் எத்தனை விரல் ஏறினால் மறுகால் போகும் என்று சொல்லும் விவசாயிகள் நம்மிடம் இருக்கிறார்கள். ஒவ்வொரு படகிலும் ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிட்டால், கரையில் நிற்கும் தாத்தாவே "கோடு நனைஞ்சிருச்சு, ரெண்டு பேரு இறங்குங்கப்பா" என்று சொல்லிவிடுவார். கால் லிட்டர் பெயின்ட் செலவு.

அடுத்து லைஃப் ஜாக்கெட். அரசுப் பலகைகளில் 'உயிர் காக்கும் கவச உடை' என்று எழுதியிருக்கும். யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இதை வெள்ளைக்காரச் சரக்கு என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்துக் கிணறுகளில் எங்கள் தலைமுறை எப்படி நீச்சல் பழகியது? காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, கயிற்றை அப்பா இறுக்கி, ஒரு தள்ளு. மூக்கில் தண்ணீர் ஏறும், ஆனால் ஆள் மூழ்க மாட்டான். தண்ணீருக்குள் மனித உடம்புக்கு எடை என்பது ஏறக்குறைய இல்லை. முகத்தை மேலே நிறுத்த, பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஐந்து கிலோ கூடுதல் மிதப்பு போதும். நாலைந்து லிட்டர் பிடிக்கும் குடுக்கை ஏறக்குறைய அதைத் தந்துவிடுகிறது. நல்ல லைஃப் ஜாக்கெட் ஏழு கிலோ தருகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். இப்போது கிணறுகளும் வற்றின, குடுக்கைகளும் போயின. நீச்சல் தெரியாத ஒரு தலைமுறை படகில் ஏறுகிறது. கடலைவிட அணைத் தண்ணீரில் மிதப்பது சற்றுக் கடினம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உப்பு இல்லாத தண்ணீர் குறைவாகத்தான் தூக்கும்.

"எனக்கு நீச்சல் தெரியும் சார்" என்று வீரம் பேசுகிறவர்களுக்காக ஒரு கணக்கு. அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஆண்டுதோறும் உல்லாசப் படகு விபத்துகளை எண்ணி வெளியிடுகிறது. 2023இல் 564 பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்த சாவுகளில் முக்கால் பங்கு மூழ்கியதால். அப்படி மூழ்கியவர்களில் நூற்றுக்கு 87 பேர் லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள். இறந்தவர்களில் நாலில் மூன்று பேர் சென்ற படகை ஓட்டியவர் பாதுகாப்புப் பயிற்சி எதுவும் பெறாதவர். காரணங்களில் முன்னால் நிற்பது மது. நீர்த்தேக்கக் கரைகளில் காலி பாட்டில்கள் குவிந்து கிடக்கும் நம் மாவட்டத்துக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இனி, அன்றாடம் தண்ணீரில் போகிறவர். பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், மலையடிவார அணை ஒன்றில் அதிகாலையில் பரிசலில் வலை எடுத்து வந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மூங்கில் பின்னல், வெளியே தார் பூசிய சாக்கு, ஒரே ஒரு துடுப்பு. ஏன் ஜாக்கெட் போடவில்லை என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. "வாத்தியாரே, அதைப் போட்டுக்கிட்டு வலையைத் தூக்கிப் பாருங்க. கொக்கியில மாட்டிச்சுன்னா வலையும் நானும் சேர்ந்துதான் போவோம்." அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. சுற்றுலாப் பயணிக்குத் தைத்த தடித்த சட்டை வலை வீசுபவனுக்கு உதவாது. மெல்லிய, கை விரிந்த, கொக்கி வெளியே நீளாத சட்டை வேண்டும். அல்லது பரிசலோடு கயிற்றில் கட்டிய ஒரு மிதவையாவது வேண்டும். அவரைக் கேட்காமல் வாங்கிக் கொடுத்தால், ஜாக்கெட் அவர் வீட்டுத் திண்ணையில் தலையணையாகத்தான் கிடக்கும். அபராதம் போட்டு இதைத் தீர்க்க முடியாது. ஆள் கணக்கை மீறி ஏற்றும் வியாபாரிக்கு அபராதம் போடுங்கள், உரிமத்தைப் பிடுங்குங்கள். அங்கே எனக்கு இரக்கம் இல்லை. வயிற்றுப்பாட்டுக்குத் துடுப்பு போடுகிறவரிடம் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

சட்டம் நடக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கன்னியாகுமரிக்குப் போங்கள். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் வரிசையில் நான் நின்றபோது, ஏறும் வாசலிலேயே ஆளுக்கொரு ஆரஞ்சு ஜாக்கெட் கொடுத்தார்கள். ஈர வாடை, முந்தின ஆளின் வியர்வை. பட்டுப்புடவை கட்டிய அம்மா ஒருவர் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் போட்டுக்கொண்டார். ஏன்? போடாவிட்டால் வரிசை நகராது. பிரசங்கமும் இல்லை, போலீசும் இல்லை. ஏறும் வாசலில் ஓர் ஆள், அவர் கையில் ஒரு சட்டை. படிப்பும் சட்டமும் சந்திக்கிற இடம் அந்த ஒரு முழ வாசல்தான்.

ஆசிரிய நண்பர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுற்றுலாவுக்குப் பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்குகிறீர்கள். 'ஏதேனும் நேர்ந்தால் பள்ளி பொறுப்பல்ல' என்று அச்சடித்திருக்கும் அந்தத் தாளில் இன்னும் இரண்டு வரி சேருங்கள். படகுச் சவாரி உண்டா? உண்டென்றால், எத்தனை பேருக்கான படகு, குழந்தை அளவில் ஜாக்கெட் இருக்கிறதா என்று நாங்கள் முன்கூட்டியே கேட்டுவிட்டோம். எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றாலே, தொலைபேசியில் கேட்கத் தோன்றும்.

பேச்சு போதும். மேசையில் இருக்கும் இந்தச் சட்டையை இரவல் வாங்கி வந்திருக்கிறேன். யாராவது ஒருவர் மேடைக்கு வாருங்கள். (முதலாண்டு மாணவி ஒருவர் வருகிறார்.) வாம்மா. எந்த ஊர்? ஆத்தூரா? அணைக்குப் பக்கம்! போட்டுக்கொள். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

(மாணவி அணிந்து முடிக்கிறார்.)

ஐம்பது விநாடி. பரவாயில்லை. இப்போது இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கிறேன். பாருங்கள், சட்டை காது வரை ஏறுகிறது. தண்ணீரில் விழுந்தால் சட்டை மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். என்ன விட்டுப்போயிற்று? இடுப்பு வார். அது பின்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது பார். இழுத்து முன்னால் கொண்டுவந்து கிளிப்பில் போடு. இன்னும் இறுக்கு. சுடிதார் கசங்கினால் கசங்கட்டும். இப்போது தூக்கிப் பார்க்கலாமா? அசையவில்லை.

சரி, கழற்று. அடுத்து யார் வருகிறீர்கள்?